பிள்ளைகள் வாசிப்பது யாரால் என்று கேட்ட பெரியம்மாவுக்கு

மதிப்பிற்குரிய பெரியம்மா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை என்பதால் நலம் என்றே எழுதுகிறேன். யார் யார் எந்த அளவுக்கு நலம் என்பது கீழே வரும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மாடிப்படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பதும் தெரியும். தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற யாரும் மருத்துவர் பேச்சைக் கேட்டதாக வரலாறு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் ஃபோனில் கேட்டீர்கள்: "ஏண்டா, உங்க அக்கா பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க கடகடன்னு வாசிக்குதாமே. எப்படிடா? கட்சியைச் சொல்லாத, காரணத்தைச் சொல்லு." நான் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அது மரியாதைக் குறைவு இல்லை. எனக்கு வலப்பக்கம் அப்பா உட்கார்ந்திருந்தார், இடப்பக்கம் அத்தான். அப்பா கையில் மின்கட்டண ரசீது இருந்தது. அதை அவ்வளவு ஆழ்ந்து யாரும் படித்ததில்லை. அத்தான் தன் கட்டைவிரல் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். இருவருடைய காதும் என் பக்கம் இருந்தன. நான் எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அன்றைக்கு ஒருவர் சாப்பிடாமல் எழுந்து போயிருப்பார். அதனால்தான் கடிதம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும். அப்பா குடிநீர் வாரியத்தில் வால்வைத் திறந்து மூடி ஓய்வு பெற்றவர், போன ஆட்சியை நடத்திய கட்சியில் வட்டச் செயலாளர். அக்காவைக் கட்டிய அத்தான் அச்சகம் நடத்துபவர், இப்போதைய ஆட்சியை நடத்தும் கட்சியில் இளைஞர் அணி. (முன்மண்டை வழுக்கையோடு எப்படி இளைஞர் அணி என்று நான் ஒருமுறை கேட்டேன், அக்கா என்னோடு பேசப் பல நாளானது.) அப்பா கீழ்த்தளம், அத்தான் மேல்தளம், சாப்பாடு எல்லோருக்கும் கீழே. இந்த ஏற்பாடு கல்யாணமான புதிதில் நன்றாகத்தான் இருந்தது. போன ஆட்சி போகிற நேரத்தில் 'வாசிப்பு மலர்ச்சித் திட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தேர்தல் முடிந்து வந்த இந்த ஆட்சி அதை ஒழித்துவிட்டு 'எழுத்துச் சுடர்த் திட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பெட்டி அதே பெட்டி, மேலே ஒட்டிய தாள் மட்டும் வேறு. அப்போது அக்கா பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தங்கள் பெயரையே வாசிக்கத் தெரியாது. அதற்குக் காரணம் எழுத்துச் சுடர் என்றார் அப்பா, வாசிப்பு மலர்ச்சி என்றார் அத்தான். பிறகு என்ன ஆயிற்றோ, பிள்ளைகள் வாசிக்க ஆரம்பித்தார்கள். உடனே காரணம் வாசிப்பு மலர்ச்சி என்றார் அப்பா, எழுத்துச் சுடர் என்றார் அத்தான். அதுவரை இந்த விஷயத்தை ஓர் அநாதைக் குழந்தை மாதிரி யார் வீட்டு வாசலில் விட்டுவிட்டு ஓடுவது என்று சண்டை. அதற்குப் பிறகு யார் பெயர் வைப்பது என்று சண்டை. ஆட்களும் அவர்களே, குரலும் அதே.

இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான்.

"விதை போட்டது யாருன்னு உன் மாப்பிள்ளையைக் கேளு."

"அத்தை, விதையைப் போட்டுட்டுத் தண்ணி ஊத்தாமப் போனது யாருன்னு மாமாவைக் கேளுங்க."

"தண்ணியைப் பத்தி எனக்கே பாடமா? கேளு."

அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் குழம்புக் கரண்டியோடு நின்று, "ரெண்டு பேரும் தட்டைக் காட்டுங்க, அது போதும்" என்பார். அம்மாவின் கட்சி அதுதான்.

இதெல்லாம் வீட்டுக்குள் இருந்தவரை எனக்கென்ன, தட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். ஆனால் அக்கா பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பெரிய சாலைக்கு அப்பால் உள்ள பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாமா என்று பார்க்க ஒரு குழு வரப்போகிறது என்று தாக்கீது வந்தது. அக்காதான் அங்கே தலைமை ஆசிரியை, ஒன்றாம் வகுப்பு ஆசிரியையும் அவளேதான். அந்தப் பெரிய சாலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நானே லாரி எல்லாம் போகட்டும் என்று காத்து நின்றுதான் கடப்பேன், ஆறு வயசுப் பிள்ளை எப்படிக் கடக்கும்? மூடினால் பாதிப் பிள்ளைகள் வீட்டிலேயே நின்றுவிடும் என்று அக்காவுக்குப் பயம். வாசிப்பு நன்றாக இருப்பதால் பள்ளி தப்பிக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் அவள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "பிள்ளைங்க வாசிக்குதுங்க, சரி. எப்படின்னு குழு கேட்டா நான் என்னடா சொல்வேன்? நான் எப்பவும் போலத்தான் சொல்லித் தரேன். காரணம் தெரியலன்னு சொன்னா மனப்பாடம் பண்ண வச்சு ஏமாத்தறேன்னு எழுதிடுவாங்க. நீ அளக்கிற ஆளுதானே, அளந்து சொல்லு."

நான் தராசு, வெப்பமானி, அழுத்தமானி எல்லாவற்றையும் சரிபார்த்து முத்திரை வைப்பவன். கருவி தப்பாகக் காட்டினால் ஏன் என்று கண்டுபிடிப்பேன். சரியாகக் காட்டினால் ஏன் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டதும் எனக்கே அரிப்பு வந்துவிட்டது, பெரியம்மா. விடுப்பு போட்டேன்.

முதலில் அப்பாவின் காரணம். "ஜன்னல். நாங்க வச்ச ஜன்னல். வெளிச்சம் வந்தா படிப்பு தானா வரும்." வெளிச்சமானியை எடுத்துக்கொண்டு வகுப்பறைக்குப் போனேன். ஜன்னல் இருக்கிறது, பெரிய ஜன்னல்தான். அதை முழுசாக மறைத்துக்கொண்டு ஓர் இரும்பு அலமாரி நிற்கிறது. நகர்த்த வேறு இடம் இல்லை. வகுப்பறையின் வெளிச்சம் நம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற வெளிச்சத்தைவிடக் குறைவு. அப்பாவிடம் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? எங்க வெளிச்சத்தை அவங்க அலமாரி மறைக்குது." அடுத்து அத்தானின் காரணம், எழுத்துச் சுடர் படஅட்டைகள். அவை எங்கே என்றால் அந்த அலமாரிக்குள். அலமாரி பூட்டியிருக்கிறது. சாவி எங்கே என்றால், அலமாரி வந்தது, சாவி இன்னும் வரவில்லை. அத்தானிடம் சொன்னேன். கொஞ்சமும் அசரவில்லை. "அலமாரி ஒப்பந்தம் போட்டது யாரு? போன ஆட்சி. சாவியை அமுக்கிட்டுப் போனதும் அவங்கதான். எழுதிக்கோ." ஆக, உள்ளே வராத வெளிச்சத்தாலும் வெளியே வராத அட்டையாலும் பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்பதுதான் என் முதல் நாள் முடிவு.

இரண்டாம் நாள் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பாடநூலில் இல்லாத சொற்களை எழுதிக் காட்டினேன். மனப்பாடம் இல்லை, உண்மையிலேயே வாசிக்கிறார்கள். ஆனால் ஒரு விநோதம். 'கொக்கு' என்று எழுதினால் கொஞ்சம் யோசிக்கிறார்கள். 'மாண்புமிகு' என்று எழுதினால் யோசிப்பதே இல்லை. 'அடிக்கல்' என்று ஒரு பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசித்துவிட்டுப் போனான். இது எந்தப் பாடத்தில் வருகிறது என்று அக்காவைக் கேட்டேன். "என் பாடத்துல வர்றது ஆடு, இலை, ஓடம். மாண்புமிகு வராது" என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் விடை வந்து விழுந்தது. அக்கா மகள் குட்டி, அவளும் அதே ஒன்றாம் வகுப்புதான், முட்டையை உரித்துக்கொண்டே கேட்டாள்: "தாத்தா, கண்துடைப்புன்னா என்ன?"

"உங்கப்பா கட்சி செய்யறது."

"அப்பா, வாய்ச்சவடால்னா?"

"தாத்தா இப்ப சொன்னாரே, அது."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். நான், "இதெல்லாம் எங்கடி படிச்ச?" என்று கேட்டேன். குட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சுவத்துல, மாமா. எல்லாரும் அங்கதான் படிப்போம்."

மறுநாள் காலை பள்ளி திறக்கும் முன்பே போய் நின்றேன். பெரியம்மா, அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பள்ளிச் சுற்றுச்சுவரின் வெளிப்பக்கம் தண்ணீர்க்குழாயை ஒட்டி நீளமாக ஓடுகிறதே, அங்கேதான் இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவரை ஒருவர் எழுத்தில் திட்டிக்கொள்கிறார்கள், இந்த வருடம் முழுக்க. அதன் முன்னால் ஒன்றாம் வகுப்பு மொத்தமும் நிற்கிறது, மணி அடிக்க இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும்போதே. சுவரில் 'பிள்ளைகளின் எதிர்காலத்தை இருளில் தள்ளிவிட்டு இன்று' என்று இருந்தது. அதற்கு மேல் வெறும் சுவர். 'இன்று' மட்டும் புதுசு, பெயிண்ட் வாசனை அடித்தது.

"இன்று நாடகம் ஆடும்னு வரும் பாரு."

"போடா, நாடகம் போன தடவை வந்துடுச்சு. இன்று முதலைக் கண்ணீர்."

"யார் தள்ளினதுன்னு இன்னும் போடவே இல்லையே."

"அது கடைசியிலதான் வரும், உனக்குத் தெரியாதா?"

பின்னால் நின்ற ஒரு சின்னப் பெண், முன்னால் நின்றவளைச் சுரண்டி, "என்ன போட்டிருக்கு, சொல்லேன்" என்றாள். "சொல்ல மாட்டேன், நீயே படி" என்று பதில் வந்தது. அந்தப் பெண் விரலை நீட்டி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்ட ஆரம்பித்தாள். அக்கா பத்து வருடமாக என்ன சொல்லியும் எந்தப் பிள்ளையும் செய்யாத காரியம்.

சுவரெழுத்து ஓவியரை அடுத்த தெருவில் பிடித்தேன். இரண்டு கட்சிக்கும் அவர் ஒருவர்தான். ஏணிமேல் நின்றபடியே பேசினார். "ஒரு நாளைக்கு ஒரு சுவத்துக்கு ஒரு வார்த்தைதான் தம்பி, மிஞ்சினா ரெண்டு."

"ஒரே மூச்சுல முழுசா எழுதி முடிச்சுட்டுப் போனா என்னங்க?"

"ஒருத்தர் சுவத்தை முடிச்சுட்டு வந்தா இன்னொருத்தர் சண்டைக்கு வருவாரு, என் சுவரு சும்மா கிடக்குன்னு. எல்லாச் சுவத்துலயும் கொஞ்சம் கொஞ்சமாப் போனா எல்லாருக்கும் வேலை நடக்குதுன்னு ஒரு நிம்மதி. அந்தப் பொடிசுங்கதான் உயிரை எடுக்குது. நாளைக்கு என்ன வார்த்தைன்னு கேட்டு ஏணியை ஆட்டுதுங்க."

ஆக, காரணம் கிடைத்துவிட்டது. இரண்டு திட்டத்தாலும் பிள்ளைகள் வாசிக்கவில்லை. இரண்டு திட்டத்துக்கும் நடந்த சண்டையை வாசித்தார்கள், அதுவும் நாளுக்கு ஒரு வார்த்தையாக. எனக்கு இருந்த சந்தோஷத்தில் கொஞ்சம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கு அது எப்போதும் தோன்றியதில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். நேராக வீட்டுக்கு வந்து, அப்பாவும் அத்தானும் உட்கார்ந்திருந்த கூடத்திலேயே சொன்னேன்: "உங்க ஜன்னலும் இல்ல, உங்க அட்டையும் இல்ல. பிள்ளைங்க படிச்சது நீங்க போட்ட சண்டையாலதான்."

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சரி, வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். அப்பா மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"சண்டையாலன்னா, அந்தச் சண்டையை முதல்ல ஆரம்பிச்சது நாங்கதான்."

அத்தான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக மாமனாரிடம் நேராகப் பேசினார். "என்ன மாமா இப்படிப் பேசறீங்க? முதல் வசவு எங்களுது. 'கையாலாகாத'ன்னு எழுதினது நாங்க. சுவரே சாட்சி."

"அதுக்கு முன்னாடியே நாங்க 'துரோகி'ன்னு எழுதியாச்சு மாப்பிள்ளை. மழையில அழிஞ்சு போச்சு."

"அழிஞ்சதுக்கெல்லாம் கணக்குக் கிடையாது."

அதுவரை "நாங்க பாட்டுக்குச் சும்மா இருந்தோம், அவங்கதான் வம்புக்கு வந்தாங்க" என்று சத்தியம் செய்த வாய்கள், பெரியம்மா. அப்பா என்னைத் தனியாகச் சமையலறைக்கு இழுத்துப் போய், "எங்க கட்சிதான் முதல்ல திட்டுச்சுன்னு ஒரு சான்றிதழ் எழுதி, உன் முத்திரையை வச்சுக் கொடுடா" என்றார். "அது தராசு முத்திரைப்பா" என்றேன். "அதுவும் நியாயத்துக்குத்தானே" என்றார். அத்தான் மாடிப்படியில் மடக்கி அதையேதான் கேட்டார். நான் எழுதிக் கொடுத்தால் தானே அச்சடித்துக்கொள்வதாகவும் சொன்னார்.

கடைசியில் அம்மாதான் சொன்னார்: "குழு வந்து அந்தச் சுவத்துல இருக்கிற பேச்சையெல்லாம் பாத்தா ரெண்டு கட்சி மானமும் சேர்ந்து போகும், பரவாயில்லையா?" அது இருவருக்கும் உறைத்தது. குழு வருவதற்கு முந்தின நாள் மாமனாரும் மருமகனும் ஆளுக்கொரு மட்டையை எடுத்துக்கொண்டு போய், தோளோடு தோள் நின்று, சுவர் முழுக்க வெள்ளை அடித்தார்கள். வீட்டுக்கு வந்து யார் அதிகம் அடித்தது என்றும் பேசினார்கள்.

குழு வந்தது. தலைவர் ஓர் அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்ப்பவர், ஏறக்குறைய உங்கள் ஜாடை. மூக்கை உறிஞ்சுகிற அந்தப் பையனைக் கூப்பிட்டு, கையோடு கொண்டுவந்த தாளைக் காட்டினார். 'மழை நின்றது. குருவி வெளியே வந்தது.' பையன் தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டு நின்றான், போகவில்லை.

"என்னப்பா?"

"மிச்சம் நாளைக்கா?"

"மிச்சம் இல்லை. அவ்வளவுதான்."

"மழையை நிறுத்தினது யாருன்னு போடலையே" என்றான்.

தலைவர் அம்மாள் அக்காவைப் பார்த்து, "இவங்களுக்கு எப்படிச் சொல்லித் தரீங்க?" என்று கேட்டார். அறைக்கு வெளியே பூங்கொத்தோடு அப்பா ஒரு பக்கமும் அத்தான் ஒரு பக்கமும் நின்றார்கள். அக்கா இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்: "நான் சொல்லித் தந்தது பாதிதான் மேடம். வெளியில சுவத்துல கட்சிக்காரங்க தினம் ஒரு வார்த்தை திட்டி எழுதினாங்க. அடுத்து என்ன வருமோன்னு பிள்ளைங்க தானா கூட்டிப் படிச்சுதுங்க." குழு மொத்தமும் எழுந்து வெளியே போய்ப் பார்த்தது. சுவர் பால் போல இருந்தது. தலைவர் அம்மாள் சுவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, "நல்ல சுவர்" என்றார். முடிவு இதுதான்: பள்ளியை இப்போதைக்கு மூட மாட்டார்கள். அடுத்த கல்வியாண்டில் சொல்லாமல் வந்து ஒன்றாம் வகுப்பை மறுபடி பார்ப்பார்கள். "எந்த முறையோ, அதையே தொடருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி எப்படியோ மேலே போய், இரண்டு கட்சி மேலிடமும் அந்தச் சுவரில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டன. வெளியே போட முடியாத சண்டை முழுக்க இப்போது எங்கள் கூடத்தில் நடக்கிறது. முதல் வசவு யாருடையது என்பதற்கு அப்பா பழைய தோழர்களைச் சாட்சிக்கு அழைத்து வருகிறார், அத்தான் இளைஞர் அணியை அழைத்து வருகிறார், அம்மா எல்லோருக்கும் தேநீர் போடுகிறார், என் அறை நாற்காலியும் கூடத்துக்குப் போய்விட்டது. நான் கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் கேட்ட காரணம் கிடைத்துவிட்டது, பள்ளியும் நிற்கிறது, வாசிக்கக் கற்ற பிள்ளை மறக்கப் போவதில்லை. இனி இந்தச் சண்டையால் யாருக்கும் உபயோகம் இல்லை. அதனால், பெரியம்மா, நீங்கள் ஒருமுறை வர வேண்டும். அப்பாவும் சரி, அத்தானும் சரி, உலகத்தில் பயப்படுவது உங்கள் ஒருவருக்குத்தான். நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே போதும். அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலுக்குச் சீட்டு எடுத்து அனுப்புகிறேன். வந்து இதற்கு நிரந்தரமாக ஒரு முற்றுப்புள்ளி வையுங்கள்.

பெரியப்பாவுக்கு என் வணக்கம். அண்ணனுக்கு என் அன்பு. வாங்கிப் போன திருப்புளியைத் தந்தால் அன்பு கூடும். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் அதிகமாகவே வேண்டும்.

பணிவுடன்,
உங்கள் தங்கை மகன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் அக்காவிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "பெரியம்மா வந்தா என்னடா ஆகும்?" என்று கேட்டாள். "ரெண்டு பேரும் வாயை மூடிடுவாங்க" என்றேன். "அடுத்த வருஷம் குழு வரும்போது இந்தப் பிள்ளைங்க இரண்டாம் வகுப்புக்குப் போயிருக்கும். ஒண்ணாம் வகுப்புல புதுசா சேர்ந்ததுங்க உக்காந்திருக்கும். அதுங்க எதைப் படிக்கும், வெள்ளைச் சுவத்தையா?" என்றாள். நான் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஊர் தராசையெல்லாம் சரிபாக்கிறவன், இது எப்படிடா தெரியாமப் போச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கேயோ போனாள். ஓவியர் வீட்டுப் பக்கம் என்று இன்று காலைதான் புரிந்தது. சுவரில், இரண்டு கட்சிக்கும் சேராத பச்சை நிறத்தில், கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'உண்மையில்'. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இது மாப்பிள்ளை வேலை என்று அப்பாவும், இது மாமா வேலை என்று அத்தானும், மேலிடத்து உத்தரவை மறந்து அங்கேயே நின்று ஓவியருக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூடம் காலியாகிவிட்டது, என் நாற்காலி திரும்பிவிட்டது. ஆகையால் மேலே எழுதியதை நான் எழுதவில்லை, நீங்களும் படிக்கவில்லை. தயவுசெய்து வராதீர்கள். யார் ஆரம்பித்தது என்று இருவரில் யார் ஃபோன் செய்து கேட்டாலும் மற்றவர்தான் என்று அடித்துச் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும். சுவருக்கு முன்னால் ஒன்றாம் வகுப்பு முழுக்க வந்துவிட்டது. வீட்டிலிருக்கும் தம்பி தங்கைகளையும் இந்தத் தடவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அதில் ஒன்று, பல்கூட இன்னும் சரியாக முளைக்காதது, சுவரை நோக்கி விரலை நீட்டி 'உ' என்றது. அப்பாவும் அத்தானும் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த வார்த்தைக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.